தாய் மறித்த வாசல்

ஈன்ற நாய் குட்டிகளை விட்டு எழுந்து வந்து இப்படி வாசலில் குறுக்கே நிற்காது. பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் நாய்களை வளர்த்துப் பழக்கும் பள்ளியின் மருத்துவமனையில் பிரசவம் பார்த்தே தலை நரைத்த நர்சம்மாவுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் கடைசிக் குட்டி அவள் உள்ளங்கையில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. ஆக்சிஜன் அந்த வாசலுக்கு அப்பால், இருட்டிக் கிடந்த அடுத்த அறையில் இருந்தது.

"தள்ளு மகாராணி. உன் பிள்ளைக்காகத்தான் போறேன்."

நாய் நகரவில்லை. மாலை மழை தகரக் கூரையில் இரைய, மருந்து வாடைக்கும் பால் வாடைக்கும் அடியில் வேறொரு வாடை, மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்தாற்போல, அந்த இருட்டறையிலிருந்து கசிந்துகொண்டிருந்தது.

"முன்னே போ!" என்று பயிற்சிக் கட்டளையை அதட்டிச் சொன்னாள். நாய் தன் உடம்பால் அவள் முழங்காலை அழுத்திப் பின்னுக்குத் தள்ளியது. எதிரே பள்ளமோ வண்டியோ இருந்தால், போ என்றாலும் போகாமல் ஆளை மறிக்க வேண்டும். இந்த நாய்கள் கற்கும் பெரிய பாடமே அதுதான்.

டாக்டருக்கு போன் போட்டாள்.

"கால்சியம் குறைஞ்சிருக்கும்கா, அதான் தாறுமாறா பண்ணுது. கட்டிப் போட்டுட்டு ஆக்சிஜன் வைங்க. நான் வர்ற வரைக்கும் குட்டி தாங்காது."

அதுவும் சரிதான், அவளே எத்தனையோ பார்த்திருக்கிறாள். நாயை ஜன்னல் கம்பியில் கட்டினாள். அது குரைக்கவில்லை, அவளையே பார்த்து நடுங்கியது. பார்க்கப் பாவமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

உள்ளே போய் விளக்கைப் போட்டாள். மேசை, சிலிண்டர், வெறும் சுவர். போயும் போயும் இதற்கா பயந்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு, குழாயைக் குட்டியின் மூக்கருகே பிடித்தாள். நீலம் பாரித்த நாக்கு மெல்லச் சிவந்தது. விலா ஏறி இறங்கியது.

"பொழச்சிட்டியாடா தங்கம்" என்றாள். கண் கலங்கிவிட்டது.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

காற்றுதான். காற்றாகத்தான் இருக்கும். அந்த வாடை இப்போது கழுத்தருகே அடித்தது.

குட்டி கையில் நெளிந்தது. பிறந்த குட்டி கண் திறக்க இரண்டு வாரமாவது ஆகும். இது திறந்தது. அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தது. கதவின் பக்கமிருந்து எதையோ தொடர்ந்து, மெதுவாக, நெருங்கி வந்தது அந்தப் பார்வை. நின்றது.

பிறகு மேலே போனது.

இன்னும் மேலே.

கூரைவரை.