வெடிக்காரர் வீட்டு வேளாங்கண்ணிப் பயணம்

செஞ்சியில் பாக்கியசாமியைத் தெரியாதவர்கள் குறைவு. கிணறு வெட்டும்போது பாறை வந்துவிட்டால் எல்லோரும் அவரைத்தான் தேடி வருவார்கள். அவர் பாறையில் துளை போட்டு, வெடிமருந்தை நிரப்பி, திரியைப் பற்றவைப்பார். அதற்கு முன்னால், "வெடியோய் வெடி! எல்லாம் ஓடு!" என்று ஒரு சத்தம் போடுவார். வல்லத்தில் அவர் சத்தம் போட்டால் தொண்டூரில் மாடு மிரளும் என்று சொல்வார்கள். அது கொஞ்சம் அதிகம்தான்.

அவருடைய மகள் ஜோசப்பின் ஆறாம் வகுப்பு படித்தாள். அவளுக்கு ஒரே ஒரு ஆசை. கடலைப் பார்க்க வேண்டும். அடுத்த வீட்டு முன்னிக்கும் அதே ஆசைதான். இரண்டு பேரும் கடலைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் கடலைப் பற்றித் தினமும் சண்டை போட்டார்கள்.

"கடலு நம்ம செட்டிக்குளம் மாதிரி பத்து இருக்கும்," என்பாள் ஜோசப்பின்.

"போடி. நூறு இருக்கும். எங்க அத்தா சொன்னாரு," என்பாள் முன்னி.

"உங்க அத்தா பாத்திருக்காரா?"

"இல்ல. ஆனா கேள்விப்பட்டிருக்காரு."

அந்த வருடம் ஆசை நிறைவேறும் போலிருந்தது. ஜோசப்பினின் தம்பி அருளுக்கு வேளாங்கண்ணி மாதா கோயிலில் மொட்டை போடுவதாக அம்மா நேர்ந்துகொண்டிருந்தாள். முன்னியின் அப்பா அன்வர் பாஷா பஜாரில் தையல்கடை வைத்திருந்தார். அவருக்கு நாகூர் தர்காவுக்குப் போக வேண்டும். இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். அதனால் இரண்டு குடும்பங்களும் சேர்ந்து ஒரு மெட்டடோர் வேனைப் பேசி வைத்தன. செப்டம்பர் முதல் ஞாயிறு, மாதா திருவிழா நடக்கும்போது பயணம்.

அப்போதுதான் ரேடியோவில் ஒரு செய்தி வந்தது. கடலோர ஊர்கள் சிலவற்றில் வாந்திபேதி பரவுகிறதாம்.

செய்தி முடிவதற்குள் தெருவில் எல்லோரும் டாக்டர் ஆகிவிட்டார்கள்.

"போவாதீங்க. போனா ஒருத்தரும் முழுசா திரும்ப மாட்டீங்க," என்றார் சோடாக்கடை காமராஜ்.

"நேர்ந்துக்கினு போவாம இருந்தா அது அதைவிட ஆபத்து," என்றாள் பூ விற்கும் செல்லம்மாள்.

"ஆளுக்கு நாலு எலுமிச்சம்பழம் கையில வெச்சிக்கினா ஒண்ணும் கிட்ட வராது," என்றார் இன்னொருவர். அவர் எலுமிச்சம்பழம் விற்பவர்.

பாக்கியசாமி மட்டும் அசையவில்லை. "வாந்திபேதியாவது ஒண்ணாவது! காய்ச்சின தண்ணிய குடிச்சா தீந்துது. பாறையையே பொளக்கறவன் நானு. போயே தீர்றோம்," என்றார்.

மறுநாள் ஒரு ஜீப் ஒலிபெருக்கியுடன் தெருவுக்குள் வந்தது. "திருவிழாவுக்குச் செல்வோர் அனைவரும் காலரா தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு வாரத்துக்கு முன்பே போட்டுக்கொள்ளவும். கொதிக்கவைத்த நீரையே குடிக்கவும்," என்று சொல்லிக்கொண்டே போனது.

இரண்டு வீட்டாரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஜோசப்பினுக்குக் கை வீங்கி வலித்தது. அருள் நர்ஸைக் கடிக்கப் பார்த்தான். முன்னி அழுதாள். பிறகு, தான் அழவே இல்லை என்று சாதித்தாள்.

ஜோசப்பினின் நைனா பாக்கியசாமி மட்டும் வரவில்லை. அவருக்கு வல்லத்தில் வேலை. அடுத்த நாள் தொண்டூரில் வேலை. அதற்கடுத்த நாள் வேலை இல்லை. ஆனால் மேல்மலையனூரில் யாரையோ பார்த்தே ஆக வேண்டுமாம்.

"ஊசி போட்டாச்சா?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம், "நாளைக்கு," என்றார்.

இப்படியே ஒரு வாரம் ஓடியது. ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது, "யோசிச்சுப் பாத்தேன். இந்தப் பயணத்த கேன்சல் பண்ணிடலாம்," என்றார்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "இன்னாய்யா சொல்ற?"

"வாந்திபேதி ஜாஸ்தியா இருக்குதாம். உசுரு முக்கியமா, ஊர் சுத்தறது முக்கியமா?"

"வாந்திபேதியாவது ஒண்ணாவதுன்னு நீதானய்யா சொன்ன?"

"அது போன வாரம்."

ஜோசப்பின் தட்டை நகர்த்திவைத்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது. நோய் குறைந்து வருகிறது என்றுதான் ரேடியோவில் அன்று சொன்னார்கள். கூடும்போது போகலாம் என்றவர், குறையும்போது வேண்டாம் என்கிறாரே? நடுவில் வந்தது ஊசி ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் அவள் ஆஸ்பத்திரிப் பக்கமாக நடந்தாள். ஊசி வரிசையில் நைனா நின்றுகொண்டிருந்தார். அவளுக்குச் சந்தோஷமாகிவிட்டது. நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோம் என்று நினைத்தாள்.

வரிசை நகர்ந்தது. நைனாவுக்கு முன்னால் ஒரே ஒருவர் இருந்தார். அவர், "ஆ!" என்றார். அடுத்த நொடி நைனா எதையோ மறந்துவிட்டவர்போலத் தலையில் தட்டிக்கொண்டு, வரிசையை விட்டு வெளியே வந்தார். பின்பக்கம் இருந்த புங்கமரத்தடியில் போய் உட்கார்ந்தார். சட்டையெல்லாம் வியர்வை.

ஜோசப்பினுக்கு முதலில் சிரிப்பு வந்தது. முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. நைனா அப்படிப் பயந்து அவள் பார்த்ததே இல்லை. பாவமாக இருந்தது. முன்னியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சோடாக்கடையில் இதை வைத்தே ஒரு மாதம் சிரிப்பார்கள். சொல்லக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நைனா, ஊசின்னா பயமா?"

"யாருக்கு? எனக்கா?" என்று மீசையைத் தடவினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "யார்கிட்டயும் சொல்லாத," என்றார்.

"சொல்லமாட்டேன். ஆனா வெடிக்கே நீ பயப்பட மாட்டியே?"

"வெடின்னா திரி என் கையில இருக்குது. எல்லாரையும் ஓடுன்னு சொல்லிட்டு நான்தான் பத்தவெக்கிறேன். எப்ப வெடிக்கும்னு எனக்குத் தெரியும். இது அப்படியா? சட்டைய தூக்குன்றாங்க, அந்தப் பக்கம் திரும்புன்றாங்க. எப்ப குத்துவாங்கன்னே தெரியல."

ஜோசப்பின் எழுந்து அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "வா நைனா. நீ எப்ப சொல்றியோ அப்பதான் குத்துவாங்க. நான் சொல்லிக்கிறேன்."

நர்ஸ் விருத்தாம்பாள் காலையிலிருந்து ஊசி போட்டுக் களைத்துப் போயிருந்தார்.

"சிஸ்டர், எங்க நைனா குரல் குடுப்பாரு. குடுத்த உடனே குத்துங்க. அதுக்கு முன்னாடி குத்தக்கூடாது," என்றாள் ஜோசப்பின்.

"குரல் குடுக்கட்டும், பாட்டுகூட பாடட்டும். சீக்கிரம் கைய காட்டச் சொல்லு."

நைனா சட்டைக் கையைச் சுருட்டினார். கண்ணை மூடினார். மூச்சை இழுத்துக்கொண்டார். என்ன குரல் கொடுப்பது என்று அவர் யோசிக்கவில்லை. வாயில் பழகிய குரல்தான் வந்தது.

"வெடியோய் வெடி! எல்லாம் ஓடு!"

வரிசை காணாமல் போய்விட்டது. காலில் கட்டுப் போட்டிருந்த ஒருவர்தான் முதலில் வாசலைத் தாண்டினார். மருந்து கொடுக்கும் கம்பவுண்டர் மேஜைக்கு அடியில் இருந்தார். நர்ஸ் மட்டும் நகரவில்லை. சொன்னபடி குத்தினார்.

"ஆச்சு, எழுந்திரு," என்றார்.

"ஆச்சா?" என்று நைனா ஒரு கண்ணைத் திறந்தார். "இவ்ளோதானா?"

ஓடியவர்கள் வெளியே காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார்கள். ஒன்றும் வெடிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் புதுக் கிணறு தோண்டுகிறார்கள் என்று ஒருவர் சொன்னார். வெடி நமத்துப்போயிருக்கும் என்று இன்னொருவர் சொன்னார். பாக்கியசாமி ஊசி போட்டுக்கொண்டதை யாருமே பார்க்கவில்லை.

ஜோசப்பின் குதித்துக்கொண்டே கிளம்பினாள். அப்போது நர்ஸ் கேட்டார். "எப்ப ஊருக்குக் கிளம்பறீங்க?"

"ஞாயித்துக்கெழம சிஸ்டர்!"

"நாளான்னிக்கா? அது எப்படி? ஊசி போட்ட உடனே வேலை செய்யாதும்மா. ஒரு வாரமாவது ஆகணும். மத்தவங்க போங்க. இவரு போகக்கூடாது."

ஜோசப்பினின் குதிப்பு அங்கேயே நின்றது.

அன்று சாயங்காலம் அன்வர் பாஷா வீட்டில் எல்லோரும் கூடினார்கள்.

"இன்னா பாக்கியம், ஆஸ்பத்திரில வெடி வெச்சியாமே? சத்தமே கேக்கலியே?" என்றார் அன்வர் பாஷா.

நைனா ஊசி விஷயத்தை மட்டும் சொன்னார். "இன்னிக்குதான் போட்டேன். ஒரு வாரம் எங்கியும் போகக்கூடாதாம். கேன்சல்தான்."

"திருவிழாவுக்கு வந்து மொட்டை போடறேன்னு மாதாகிட்ட சொல்லியிருக்கேன்," என்றாள் அம்மா. அவள் குரல் உடைந்துவிட்டது.

முன்னியின் அம்மா அசீசுன்னிசா சமாதானம் சொன்னார். "அதுக்கு ஏன் எல்லாரும் நிக்கணும்? அண்ணன் வீட்டைப் பாத்துக்கட்டும். நாம போயிட்டு வந்துடுவோம். ஜோசப்பினு, நீ எங்க முன்னிகூட ஜன்னல் பக்கம் உக்காந்துக்க."

முன்னி அவள் கையைப் பிடித்து ஆட்டினாள். ஜோசப்பினின் மனம் துள்ளியது. நாளை மறுநாள் கடல்! சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அவள் நைனாவைப் பார்த்தாள். அவர் சுவரில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நைனா வராம நான் போவல," என்றாள். சொல்லி முடித்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. போக வேண்டும் என்றும் இருந்தது, விட்டுப் போகவும் மனசில்லை.

அன்வர் பாஷா தலையைச் சொறிந்தார். "நாங்கல்லாம் எப்பவோ போட்டுக்கினோம். உனக்கு மட்டும் இன்னா பாக்கியம் இவ்ளோ லேட்டு?"

நைனா மீசையைத் தடவினார். அம்மா ஜோசப்பின் பக்கம் திரும்பினாள். "நீதான இவர்கூட வந்த? இன்னாடி நடந்துது?"

"சொல்லமாட்டேன்."

"பெத்தவகிட்ட சொல்லாம அப்படி இன்னாடி ரகசியம்? முதுகுல ரெண்டு வெக்கட்டுமா?"

"வெச்சாலும் சொல்லமாட்டேன்."

நைனா தொண்டையைச் செருமினார். "அவள விடு. எனக்கு ஊசின்னா பயம். அதான் இத்தினி நாளா டபாய்ச்சிக்கினு இருந்தேன். கேன்சல்னு சொன்னதும் அதுக்குத்தான். வாந்திபேதிக்கு இல்ல."

அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

அன்வர் பாஷா மெல்ல, "நான்கூட முன்னி கையைப் பிடிச்சிக்கினுதான் போட்டுக்கினேன்," என்றார்.

"அதான் நான் அழுதேன்! அத்தா என் விரலை நசுக்கிட்டாரு!" என்றாள் முன்னி.

முதலில் அசீசுன்னிசா சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் பேச்சு பழைய இடத்துக்கே வந்தது. போகலாமா, வேண்டாமா? அது அப்படியே கிடந்தது.

ஜோசப்பின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒருத்தர் போவணும்னு சொல்றீங்க. ஒருத்தர் கேன்சல்னு சொல்றீங்க. அடுத்த ஞாயித்துக்கெழம போவலாம்னு ஏன் யாருமே சொல்லல?"

"அதுக்குள்ள திருவிழா முடிஞ்சிடுமேடி," என்றாள் அம்மா.

"முடிஞ்சா மாதா கோயில மூடிடுவாங்களா? நாம திருவிழாவைப் பாக்கப் போறமா, மாதாவைப் பாக்கப் போறமா? அடுத்த வாரம் கும்பலும் இருக்காது. கும்பல்லதான நோய் ஒட்டும்? நைனா ஊசியும் வேலை செஞ்சிடும்."

அம்மா யோசித்தாள். அருள் தன் தலையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான்.

"நாகூருக்கு எனக்கு நாளு கெழம ஒண்ணும் கிடையாது," என்றார் அன்வர் பாஷா. "வேன்காரன்கிட்ட காலையில நானே போய் சொல்லிடறேன். போனா எல்லாரும் சேந்து போவோம்."

அம்மா பெருமூச்சு விட்டாள். "மாதா இன்னா, காலண்டரைப் பாத்தா கும்பிடு வாங்கப் போறா? சரி, அடுத்த வாரமே போவலாம்."

முன்னிக்கு மட்டும் முகம் தொங்கிவிட்டது. "இன்னும் ஒரு வாரமாடி?" என்று ஜோசப்பினின் காதில் முணுமுணுத்தாள்.

அடுத்த ஞாயிறு விடியும்போது வேன் வந்தது. கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரைப் பெரிய கேன்களில் நிரப்பி ஏற்றினார்கள். நோய் அநேகமாக அடங்கிவிட்டது என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் நைனா கேன்கள் நன்றாக மூடியிருக்கின்றனவா என்று தானே அழுத்திப் பார்த்தார்.

திருவிழாக் கூட்டம் போய், வேளாங்கண்ணி காலியாக இருந்தது. அருளுக்கு நிதானமாக மொட்டை போட்டார்கள். அம்மா கோயிலில் முழங்காலிட்டு வெகுநேரம் இருந்தாள். அவளை யாரும் நெருக்கவும் இல்லை, நகரச் சொல்லவும் இல்லை.

நாகூருக்குக் கிளம்பும் முன் எல்லோரும் மணலில் நடந்தார்கள். ஜோசப்பினும் முன்னியும் கையைக் கோத்துக்கொண்டு முன்னால் ஓடினார்கள். கொஞ்ச தூரம் போனதும் இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

கடல் எங்கேயும் போய்விடவில்லை. அங்கேயேதான் இருந்தது.