பி பக்கத்தின் கடைசி எட்டு நிமிடம்

ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் ஏதோ இருந்தது.

தெய்வசிகாமணி டேப்பைப் பின்னால் ஓட்டி, ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடி கேட்டான். அவன் மகள் அமிர்தவல்லியின் குரல்தான். ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுகிறாள். ஏழு மட்டும் அவளுக்கு எப்போதும் விட்டுப்போகும். ஆறிலிருந்து எட்டுக்குத் தாவிவிடுவாள், திருத்தினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அந்தத் தாவலில் ஒரு மூச்சு இழுக்கிற இடைவெளிதான் இருக்கும். இப்போது அந்த இடைவெளியின் அடியில், கனமாக, ஏதோ நகர்ந்தது.

மத்தியானம் மணி ஒன்றேகால். புதுச்சேரியில் ஒரு மணிக்குக் கடையை அடைத்தால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டிப் போனாலும் அவனுடைய மத்தியானத் தூக்கத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தான். பாட்டுப் பதிவுக் கடை வைத்திருப்பவனுக்கு அந்த மூன்று மணி நேரம்தான் உருப்படியான வேலை நேரம். ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டால் வண்டிச் சத்தம் அடங்கும், கேசட் விசாரித்து எவனும் வரமாட்டான், தெருவில் காக்கை நடக்கிற சத்தம்கூடத் தனியாகக் கேட்கும். சூடேறிய கேசட் டெக்கின் வாசனையும் ஷட்டருக்கு அடியில் சந்து வழியாக வரும் வெயிலும்தான் அவனுக்குத் துணை.

வினையெல்லாம் நேற்று வந்த ரெக்கார்டால் வந்தது. கேசட்டில் பதித்துத் தரச் சொல்லி அஞ்செல் என்ற பையன் கொண்டுவந்தான். அவன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், பிள்ளை காலேஜில் படிக்கிறான். பிரான்சில் மர்செய்யில் இருக்கும் அவன் சித்தப்பா மகன் க்சாவியே அனுப்பியிருந்தானாம். உறை முழுக்கக் கறுப்பு, ஒரு எழுத்துகூட இல்லை.

"டெத் மெட்டல் அண்ணே, உறுமிக்கினே பாடுற ராக் பாட்டு. இவங்க அதுலயும் ஏதேதோ சோதனை பண்றவங்க. மூடிப்போன கல்லுச் சுரங்கத்துல போயி ரெக்கார்டு பண்ணாங்களாம்," என்றான் அஞ்செல். "ஒரே ஒரு விஷயம். பி பக்கம் கடைசியில எட்டு நிமிஷம் ஒண்ணும் இருக்காது. அத அப்படியே வெறுமையா உடணும். உள்ள சீட்டுல எழுதியிருக்கு."

"டேப்ப வெறும உட்டா என் கடை பேரு என்னாப்பா ஆவறது?"

"அவங்க எழுதியிருக்காங்கண்ணே. எனக்கென்னா தெரியும்."

பதினோரு வருடத் தொழிலில் தெய்வசிகாமணி டேப்பை வெறுமையாக விட்டதே கிடையாது. ஒரு பக்கத்தில் இரண்டு நிமிடம் மிச்சமிருந்தாலும் ஒரு வாத்திய இசையாவது போட்டு நிரப்பித்தான் கொடுப்பான். காசு கொடுத்தவன் காலி டேப்பைக் கேட்டால் திட்டமாட்டானா? அந்தப் பழக்கம் அவன் கையில் ஊறிப்போயிருந்தது.

நேற்று மத்தியானம் அந்த ரெக்கார்டு ஓடியபோது அவனுக்கு அப்பா வேலை பார்த்த நெசவு மில் ஞாபகம் வந்தது. நூறு தறி ஒன்றாக ஓடுகிற மாதிரி டிரம், அதற்கு மேல் ஒரு தொண்டை. பாட்டும் இல்லை, கத்தலும் இல்லை. குடலிலிருந்து எதையோ இழுத்து வெளியே போடுகிற உறுமல். அது நின்று வெறும் கரகரப்பு மட்டும் ஓட ஆரம்பித்தபோது அவனுக்குக் கை அரித்தது. மைக் சோதிப்பதற்காக என்றோ வல்லியை எண்ணச் சொல்லிப் பதித்த கேசட் பக்கத்து டெக்கில் கிடந்தது. ரெக்கார்டை ஓடவிட்டபடியே அதையும் போட்டு, இரண்டையும் கலந்து பதித்தான். பேய்க் கூச்சல் கேட்டு முடித்ததும் கடைசியில் ஒரு குழந்தை எண்ணுவது கேட்டால் அஞ்செல் சிரிப்பான் என்று நினைத்தான். அவ்வளவுதான் அவன் செய்தது.

இப்போது மூன்றாவது தடவை கேட்டான். "அஞ்சு, ஆறு..."

"ஏழு."

அந்தத் தொண்டை. அதே உறுமல், அடங்கிய குரலில், பொறுமையாக, தமிழில்.

"எட்டு," என்றாள் வல்லி.

அவன் ஹெட்போனைக் கழற்றினான்.  வல்லியின் பழைய கேசட்டை எடுத்துத் தனியாகப் போட்டுக் கேட்டான். அதில் ஆறு, எட்டு. நடுவில் ஒன்றுமில்லை. ரெக்கார்டைப் போட்டுக் கேட்டான். வெறும் கரகரப்பு. இரண்டிலும் இல்லாதது, இரண்டும் சேர்ந்த டேப்பில் மட்டும் எப்படி வந்தது? அவனுக்குப் பயமாக இருந்தது. தன் கடையில், பட்டப்பகலில், ஒரு கேசட்டுக்குப் பயப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கம்தான் அவனை மறுபடி அந்தப் பொத்தானை அழுத்த வைத்தது.

இந்தத் தடவை அவள் பத்து வரை போகவில்லை. உறுமல் ஏழு என்றதும் நிறுத்திவிட்டாள்.

"யாரு?" என்றாள்.

அவன் அப்படி ஒரு வார்த்தையை அவளைப் பதிக்கச் சொல்லவே இல்லை.

டேப் ஓடியது. இரைச்சல். அதற்குள் ஈரமான கல்லில் எதையோ இழுத்துக்கொண்டு வருகிற சத்தம். ஒரு இழுப்பு. நிற்கிறது. மறுபடி ஒரு இழுப்பு, இன்னும் கிட்டத்தில்.

"நீங்க ஏன் படுத்துக்கினே வர்றீங்க?" என்றாள் வல்லி. குரலில் பயமில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கேட்பது போலக் கேட்டாள். 

அழித்துவிட வேண்டும். வேறெதுவும் அவனுக்குத் தோன்றவில்லை. பிள்ளையின் குரல் அதனோடு ஒரே டேப்பில் இருக்கக் கூடாது. அவள் குரலைக் கொண்டுபோய் அந்த எட்டு நிமிடத்துக்குள் விட்டவன் அவன்தானே, அவனே எடுத்துவிட வேண்டும். மைக் வயரைப் பிடுங்கினான். ரெக்கார்டு வயரைப் பிடுங்கினான். ஒன்றும் வராத டெக்கில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் இருப்பதெல்லாம் அழிந்துபோகும். டேப்பை அவள் எண்ணத் தொடங்கும் இடத்துக்கு ஓட்டி, இடம் சரிதானா என்று ஹெட்போனில் கேட்டான்.

எதிர்பார்த்த எண்ணிக்கை வரவில்லை.

"அப்பா," என்றாள் வல்லி, காதுக்குள்.

விரல் பொத்தானின் மேல் நின்றது.

"அப்பா, கை புடிக்குது. அப்பா..."

அது அவளில்லை. அது செய்கிற சூது. வல்லி ரெட்டியார்பாளையத்தில், வீட்டில், அம்மா பக்கத்தில் படுத்துத் தூங்குகிறாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினான்.

மணி ஒன்றே முக்கால். எட்டு நிமிடம் டேப் சத்தமில்லாமல் சுற்றியது. அவன் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பின்னால் ஓட்டிக் கேட்டான். வெறும் இரைச்சல். எண்ணிக்கை இல்லை, உறுமல் இல்லை. அப்பாடா என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தான்.  பிள்ளையை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தால் போதும் என்று ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு, வெயிலில் சைக்கிளை மிதித்தான். விழுப்புரம் ரோட்டில் தார் இளகிக் கிடந்தது.

வாசலிலேயே மனைவி சந்திரகலா நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டான்.

"தூங்கினுதாங்க இருந்தா. திடீர்னு எழுந்து ஒக்காந்துகினு ஒங்கள கூப்ட்டா, அப்பா அப்பான்னு. யாரோ கை புடிக்கறாங்கன்னா. பேசிக்கினே இருந்தவளுக்குப் பாதியிலயே நின்னுபோச்சு," என்றாள். "அதுலேந்து பேச்சே இல்ல. ஒண்ணே முக்கால் இருக்கும்."

அறைக்குள் பாயின் நடுவில் வல்லி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் அவள் கண் நிறைந்தது. அவன் மண்டி போட்டு உட்கார்ந்து அவள் கன்னத்தைப் பிடித்தான். சில்லென்றிருந்தது.

"அப்பா வந்துட்டேன் தாயி. ஏதாவது பேசு. எண்ணு பாப்போம், ஒண்ணு ரெண்டு எண்ணு."

வல்லி வாயைத் திறந்தாள்.

வெறும் டேப் ஓடுகிற இரைச்சல். ஏற்றமில்லை, இறக்கமில்லை. மூச்சுக்குக்கூட அது நிற்கவில்லை. சந்திரகலா சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

வாயைத் திறந்தபடியே வல்லி விரல்களை நீட்டத் தொடங்கினாள். ஒன்று. இரண்டு. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. மூன்று. நான்கு. இரைச்சல் ஓடியது. ஐந்து. மற்ற கையைத் தூக்கினாள். ஆறு.

நின்றாள்.

அவள் எப்போதும் தாவிவிடுகிற இடம். ஏழாவது விரல் தானாக நிமிரவில்லை. யாரோ பிடித்துப் பிரிப்பது போல, மெல்ல, வலிக்க வலிக்க நிமிர்ந்தது.

அவள் உதடு அசையவில்லை. இரைச்சலுக்கு உள்ளே, வெகு ஆழத்திலிருந்து, அந்தத் தொண்டை சொன்னது.

"ஏழு."