பூட்டிய அறையில் புகைந்த டிரம்

"சார், நான் தீ வைக்கலே சார்."

வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடி ரோஸ்மேரி சொன்ன முதல் வார்த்தை அதுதான். தீயணைப்பு நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற ராஜவேல், வாசித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்தார்.

"வைக்கலீன்னா உள்ள வந்து உக்காந்து சொல்லுங்கோ."

மண்ணரை வட்டாரத்தில் எங்கே தீப்பிடித்தாலும், பிடித்த காரணம் விளங்காவிட்டால் ஜனங்கள் அவரைத்தான் தேடி வந்தார்கள். கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவருடைய ஸ்கூட்டரை ஓட்டுவது பக்கத்து வீட்டு அனுசுயா. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர். வண்டி ஓட்ட வந்தவள், போகப் போகத் துப்பும் துலக்க ஆரம்பித்துவிட்டாள். இப்போதும் தண்ணீர்ச் செம்பை நீட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.

ரோஸ்மேரிக்குச் சாத்தான்குளம் பக்கம். புருஷன் போய்ச் சேர்ந்தபின் பிழைப்புத் தேடி வந்தவள், மயில்சாமியின் சாயப்பட்டறையில் காவல் இருக்கிறாள். கேட்டை ஒட்டிய சின்ன அறைதான் அவளுக்கு வீடு. வேறு வீடு எங்கேயும் கிடையாது.

"பங்குனி உத்திரத்துக்குப் பட்டறை லீவு. எல்லாரும் போயிட்டாவ. மெயின் சுவிட்சையும் அணைச்சிட்டாவ. பொழுது சாயயில கெமிக்கல் ரூம்ல இருந்து புகை. கதவு பூட்டித்தான் கிடக்கு, சாவி எங்கிட்ட. திறந்தா ஒரு டிரம் தன்னால எரியுது. ஒரு குடம் தண்ணிய ஊத்துனேன். அணையலே, சீறிச்சு! தீக்குச்சிக் கட்டு மொத்தத்தையும் கொளுத்துன மாதிரி நாத்தம். மூச்சே விட முடியலே. பெறவு தன்னால எரிஞ்சு அடங்கிச்சு."

"முதலாளி என்ன சொல்றாரு?"

"மெழுகுவத்தி ஏத்தி வச்சிருப்பேன்னு சொல்லுதாரு. ஞாயித்துக்கிழமைக்குள்ள ரூமைக் காலி பண்ணணுமாம். இல்லன்னா போலீஸாம்."

"அன்னைக்குப் பூரா யாராச்சும் வந்தாங்களா?"

ரோஸ்மேரி தண்ணீரை ஒரு மடக்குக் குடித்தாள். "யாரும் வரலே சார்."

அது பொய். முதலாளியின் அம்மா ஜானகியம்மாள் காலையில் ஆட்டோவில் வந்திருந்தார். காவடிக்காரர்கள் பழனிக்குக் கொண்டுபோகும் கொடுமுடித் தீர்த்தத்தில் ஒரு சொம்பு வாங்கி, மஞ்சள் கலந்து எடுத்து வந்து, தறிகள் ஓடிய காலத்தில் தறிக்குத் தெளித்தது போலவே, ஒவ்வொரு மெஷினுக்கும் ஒவ்வொரு அறைக்கும் மாவிலையால் தெளித்தார். பிறகு கேட் அறைக் கட்டிலில் உட்கார்ந்து, "சாப்பிட்டயா கண்ணு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை ரோஸ்மேரியிடம் யாராவது கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. "ஈரத்துல வழுக்கி விழுந்ததுல இருந்து பட்டறைப் பக்கமே வரக்கூடாதுன்னு எம்பையன் சொல்லீட்டான். வந்தேன்னு சொல்லிப்போடாதே" என்று சொல்லிவிட்டுப் போனார். தீர்த்தம் தெளித்தவரைக் காட்டிக்கொடுத்து என்ன ஆகப்போகிறது? தண்ணீரா தீ வைக்கும்? ரோஸ்மேரி வாயை மூடிக்கொண்டாள்.

ராஜவேல் எழுந்தார். "வண்டிய எடு, அனுசுயா," என்றார்.

கெமிக்கல் ரூமில் உப்பு மூட்டைகள், சோடா மூட்டைகள், இரும்பு டிரம்கள் வரிசையாக நின்றன. எரிந்தது ஒன்றே ஒன்று. ராஜவேல் குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து பார்த்தார். டிரம்மின் வாயும் உள்ளே இருந்த பிளாஸ்டிக் பையும் கருகியிருந்தன. சுற்றியிருந்த தரையில் கரி படவில்லை, மெழுகும் இல்லை. மூடியை இறுக்கும் இரும்பு வளையம் பெயிண்ட் கருகாமல் சுவர் ஆணியில் தொங்கிற்று. பக்கத்து டிரம்களின் மூடிகளில் மஞ்சளாகச் சில பொட்டுகள் காய்ந்திருந்தன. மூட்டைகளின் இடுக்கிலிருந்து ஒரு வாடிய மாவிலையை எடுத்து அவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"எனக்கு விளங்கிப்போச்சுங்க," என்று அனுசுயா காதருகே வந்தாள். "டையிங் மாஸ்டர் அருள்குமாரு. சரக்கை வெளிய வித்துப்போட்டு, கணக்குத் தெரியாம இருக்கக் கொளுத்தியிருக்காரு."

"அந்தாளு லீவுக்கு முந்தின நாளே பழனிக்கு நடந்து போயிட்டாரு."

"நடந்துட்டேவா கொளுத்துவாரு? ஆளு வச்சிருப்பாருங்க!"

"போன வாரம் சிலிண்டர் வெடிச்சதுக்கும் நீ ஆளு வச்சாங்கன்னுதான் சொன்னே. அது சோத்துக் குக்கரு."

ராஜவேல் மயில்சாமிக்குப் போன் செய்தார். "மாஸ்டர் பழனியில இருந்து திரும்பீட்டாரல்ல, வரச்சொல்லுங்கோ. உங்க அம்மாவையும் கூட்டியாங்கோ. கோயில் காரியமா ஒண்ணு கேக்கோணும்."

ஒரு நாழிகையில் பட்டறை முற்றத்தில் எல்லாரும் கூடிவிட்டார்கள். ஜானகியம்மாளுக்கு நாற்காலி போடப்பட்டது. ரோஸ்மேரி தூணோரம் ஒதுங்கி நின்றாள். ஜானகியம்மாள் தன் பக்கம் திரும்புவாரா என்று பார்த்தாள். திரும்பவில்லை.

ராஜவேல் மணல் வாளி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஒரு தகரத்தில், மூடி இறுக்கியிருந்த வேறொரு டிரம்மிலிருந்து காய்ந்த கரண்டியால் எடுத்த வெள்ளைத் தூளைக் குவித்தார். பார்த்தால் சமையல் உப்பு போலவே இருந்தது.

"மாஸ்டர், இது என்னங்க?"

"ஹைட்ரோஸுங்க. தப்பாச் சாயம் ஏறின துணியை வெளுக்கப் போடறது."

"எல்லாரும் காத்துக்கு மேல்பக்கம் வந்து நில்லுங்கோ. மூஞ்சியக் கிட்டக் கொண்டாராதீங்க." மாவிலையைச் செம்புத் தண்ணீரில் நனைத்துத் தூளின் மேல் நாலு சொட்டு உதறினார்.

ஒன்றும் ஆகவில்லை. மயில்சாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஏனுங்க, வித்தை காட்டறீங்களா?"

அவர் சொல்லி வாய் மூடவில்லை, குவியல் நடுவே மஞ்சளித்தது. மெல்லப் புகைந்தது. பிறகு புஸ்ஸென்று புகை கிளம்பி, தீக்குச்சி நாற்றம் முற்றமெல்லாம் பரவியது. ராஜவேல் மணலை அள்ளிப் போட்டார். அனுசுயா வாயில் முந்தானையோடு, "அம்மாடி, தண்ணிக்கே பத்துதா!" என்றாள்.

"நிறையத் தண்ணியில இதைக் கொஞ்சங் கொஞ்சமாக் கலந்தா சமத்தாக் கரைஞ்சுரும். இது மேல கொஞ்சமாத் தண்ணி பட்டாத்தான் வினை. உள்ளுக்குள்ளயே சூடு ஏறிப் புழுங்கும். காலையில பட்ட ஈரம் சாயங்காலம் எரியும். அதனாலதான் ரோஸ்மேரி ஊத்தின குடத்துக்கு அது சீறுச்சு. மெழுகுவத்தியா இருந்தா வெளியிருந்து உள்ள எரிஞ்சிருக்கும். இது உள்ளிருந்து வெளிய வந்த தீ."

அருள்குமார் தலையைக் குனிந்தார். "வளையத்தை மாட்டலீங்க. பையோட வாயையுங் கட்டலீங்க. பாதயாத்திரைக்காரங்க கிளம்பீட்டாங்கன்னு அவசரத்துல மூடிய அப்படியே சாத்தி வச்சுட்டு ஓடீட்டேன்."

"மூடி விலகி நின்னிருக்குது. சரி. ஆனா தண்ணி எப்படி வந்துது? ரூம்ல பைப்பு இல்லை, கூரை ஒழுகலை. மஞ்சத்தண்ணிச் சொட்டு மட்டும் இருக்குது. மாவிலையும் இருக்குது. இந்தப் பட்டறையில மாமரம் ஏதுங்க?" ராஜவேல் மயில்சாமியைப் பார்த்தார். "திருட்டுக்கு வந்தவன் மஞ்சத்தண்ணி தெளிச்சுட்டுப் போவானா? பட்டறை நல்லா இருக்கோணும்னு நினைக்கறவங்கதான் தெளிப்பாங்க. அவங்களுக்குத்தான் ரோஸ்மேரி மறுபேச்சில்லாமக் கதவைத் திறந்து விட்டிருக்கும்."

மயில்சாமி மெதுவாகத் தன் அம்மாவின் பக்கம் திரும்பினார்.

ஜானகியம்மாள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நான்தாஞ் சாமி. முருகன் தீர்த்தம் உங்காலத்துலயும் படட்டும்னுதான் தெளிச்சேன். அது எரியும்னு எனக்கு எப்படித் தெரியும்? தீப்புடிச்சதுக்கும் தீர்த்தத்துக்கும் சம்பந்தம் இருக்கும்னு நான் நினைக்கவே இல்லியே!"

"நானுந்தாம்மா எழுதிப்போட்டு வைக்கலை, அங்க தண்ணி ஆகாதுன்னு," என்றார் மயில்சாமி. குரல் இறங்கிவிட்டது. ரோஸ்மேரி பக்கம் பார்க்காமலே, "நீ ரூமைக் காலி பண்ண வேண்டாம். இங்கயே இரு," என்றார்.

ரோஸ்மேரி கேட்க வந்தது கிடைத்துவிட்டது.

"அம்மா, இனிமே நீங்க பட்டறைக்குள்ள கால் வைக்கப்படாது," என்று மயில்சாமி அடுத்த மூச்சில் சொன்னார். "ஆட்டோக்காரனுக்கும் சொல்லி வைக்கறேன்."

ஜானகியம்மாள் தலையாட்டினார். முற்றத்தைக் கடந்து தூணருகே வந்து, ரோஸ்மேரியின் கையைப் பிடித்தார்.

"ஏங்கண்ணு, போலீஸுக்குப் போறேன்னு எம்பையன் சொன்னானே, அப்பவாச்சும் நான் வந்தேன்னு சொல்லியிருக்கலாமல்ல? ஒரு வார்த்தைதானே?"

ரோஸ்மேரி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சொன்னா நீங்க பெறவு வர மாட்டீயளேம்மா," என்றாள்.