குடைக்குள் ஒளிந்த வைரஸ்

கம்ப்யூட்டர் சொல்வதை நான் நம்ப மாட்டேன். மழை வராது என்று அது சொன்ன அன்றுதான் தொப்பலாக நனைந்தேன்.

என் பேத்தி ஜந்தீராவுக்குப் பத்து வயது. அவள் பள்ளி வாசலில்தான் நான் இளநீர் விற்கிறேன். அறிவியல் கண்காட்சிக்காகக் கம்ப்யூட்டருக்குள் ஒரு உடம்பையே செய்து வைத்திருந்தாள். டெங்கு வைரஸ் புகுந்தால் உடம்பின் காவல் செல்கள் எப்படிச் சண்டை போடும் என்று அது காட்டுமாம். நன்றாகச் செய்தால் எங்கள் பிரேசிலின் ரெசிஃபி நகரத்தில் நடக்கும் பெரிய கண்காட்சிக்குப் போகலாம்.

பள்ளி முற்றத்தில் அவள் முறை வந்தது. கரண்ட் போய்விட்டது.

“நான் அப்பவே சொல்லல?” என்றேன்.

“சும்மா இருங்க தாத்தா!”

நெய்டி டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். “அடுத்த ஆளைக் கூப்பிடட்டுமா?”

“வேணாம் டீச்சர்! கம்ப்யூட்டருக்குச் சொன்ன விதியையே இந்தப் பிள்ளைங்களுக்குச் சொல்றேன்.”

கார்னிவல் திருவிழா ஆட்டத்துக்காகப் பள்ளியில் வைத்திருந்த சின்னக் குடைகளைப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று கொடுத்தாள். குடை பிடித்தவர்கள் உடம்பின் செல்கள். ஒரு குடைக்குள் மட்டும் ரகசியமாகச் சிவப்பு ரிப்பன். அதுதான் வைரஸ். அவள் விசில் அடிக்கும்போதெல்லாம் ரிப்பன் உள்ளவர்கள் பக்கத்துக் குடைக்குள்ளும் ஒரு ரிப்பன் கட்ட வேண்டும். நாலு பேர் காவல் செல்கள். எதைத் தேடுவதென்றே அவர்களுக்குத் தெரியாது.

ஒருவன் டீச்சரின் கைப்பையைக்கூடச் சோதித்தான்! ரிப்பனைக் கண்டுபிடிப்பதற்குள் பாதி முற்றம் வைரஸாகிவிட்டது.

படிக்கட்டில் அவள் வகுப்புப் பையன் ஈத்தாலோ தனியாக உட்கார்ந்திருந்தான். டெங்கு வந்து எழுந்தவன். இன்னும் ஓடத் தெம்பில்லை என்று யாரும் ஆட்டத்தில் சேர்க்கவில்லை.

“நான் ரிப்பனை முதல்லயே பாத்துட்டேன்” என்றான். “கீழ உக்காந்தா குடைக்குள்ள நல்லாத் தெரியுது. யாரும் கேக்கல.”

ஜந்தீரா தலையில் அடித்துக்கொண்டாள். “ஒரு தடவை பாத்த வைரஸை மறக்காத செல் ஒண்ணு இருக்குடா! அதுக்கு ஆள் வைக்க மறந்துட்டேன். நீதான் நினைவுச் செல். வர்றியா?”

“ஓடணுமா?”

“கை காட்டினாப் போதும்.”

மறுபடி ஆட்டம். ரிப்பன் இப்போது வேறொரு குடைக்குள். ஜந்தீரா விசிலை வாயில் வைப்பதற்குள், “அங்க! அந்த மஞ்சக் குடை!” என்று கத்தினான் ஈத்தாலோ. காவலர்கள் பாய்ந்தார்கள். வைரஸ் காலி. முற்றமே அதிர்ந்தது.

அப்போது கரண்ட் வந்தது. திரையிலும் அதே கதைதான். முதல் முறை சிவப்புப் புள்ளிகள் திரையை நிறைத்தன. அதே வைரஸ் இரண்டாம் முறை வந்தபோது தலை தூக்கவே இல்லை.

“நகரத்துக்குக் குடையெல்லாம் எடுத்துட்டு வா” என்றார் டீச்சர்.

“ஈத்தாலோவையும்” என்றாள் என் பேத்தி.

அன்று இளநீருக்கு யாரிடமும் நான் காசு வாங்கவில்லை. இதைச் சொன்னால் எங்கள் தெருவில் ஒருத்தனும் நம்ப மாட்டேன் என்கிறான்.