காலி என்று போட்ட வீடு

அந்த வீட்டின் கேட்டைத் தள்ளியபோது மணி மூன்று. சுள்ளென்று வெயில். பயப்படுவதற்கான நேரமே இல்லை.

அவளை ஆபீசில் எல்லோரும் 'டேப் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு விற்கும் இணையதளம் ஒன்றில் வேலை. விளம்பரத்தில் போட்டிருப்பது நிஜமா என்று நேரில் போய் அளந்து, பத்திரத்தையும் பார்த்துவிட்டு, பச்சை டிக் போட வேண்டும். விளம்பரம் கொடுக்கிறவர்கள் கூசாமல் புளுகுவார்கள். மாடிப்படிக்கு அடியிலுள்ள பொந்து 'படிப்பறை' ஆகிவிடும். பின்னால் ஓடும் சாக்கடை 'நீரோடை' ஆகிவிடும். எட்டு வருஷத்தில் அவள் ஒரு பொய்க்குக்கூட டிக் போட்டதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இன்றைக்கு மட்டும் மனசு ஒரு நிலையில் இல்லை. இந்த வீட்டுக்கு ஆசைப்பட்டிருப்பது அவளுடைய சொந்தத் தங்கை. எட்டு மாதக் கர்ப்பிணி. இரண்டு தெரு தள்ளி, மாமியார் வீட்டு ஹாலில், எல்லோரும் டிவி பார்த்து முடித்த பிறகு பாய் விரித்துப் படுக்கிறவள். குழந்தை பிறப்பதற்குள் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை கிடைத்தால் போதும் என்று அழுதிருக்கிறாள். டிக் விழாத வீட்டை அவள் புருஷன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

வீட்டுக்காரருக்கு அறுபது வயதிருக்கும். கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். உள்ளே புது பெயின்ட் வாடை. அதற்கு அடியில் இன்னொரு வாடை. பல நாள் அலசாத தலைமுடியின் எண்ணெய்ச் சிக்கு.

பத்திரத்தோடு அவருடைய அப்பா எழுதிய உயிலும் இருந்தது. வீடு மகனுக்கு. ஆனால் மகள் தன் ஆயுள் உள்ளவரை பின்னறையில் குடியிருக்கலாம், அவளை யாரும் வெளியேற்றக் கூடாது என்று ஒரு வரி.

"உங்க தங்கச்சி இப்ப எங்க இருக்காங்க சார்?"

"அவ போய் இருபது வருஷம் ஆச்சும்மா."

"இறப்புச் சான்றிதழ் இருக்கா?"

"அதெல்லாம் வாங்கல." அவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"பின்னறை எது?"

"அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது. அப்பா ஏதோ தப்பா எழுதிட்டாரு."

அளந்தாள். வெளிச்சுவர் நாற்பத்திரண்டு அடி. உள்ளே, சுவர்களின் கனத்தையும் சேர்த்து, முப்பத்துமூன்று. மறுபடி அளந்தாள். அதே கணக்குதான்.

ஒன்பதடியைக் காணோம்.

சமையலறையின் பின்சுவரைத் தட்டிப் பார்த்தாள். மற்ற சுவர்கள் 'தொப்' என்றன. இது மட்டும் உள்ளே வெற்றிடம் இருப்பதைச் சொன்னது. அதே நேரம் போனில் தங்கையின் செய்தி வந்தது: 'அக்கா, டிக் போட்டியா? இவர் பத்து தடவை கேட்டுட்டார்.'

தங்கையின் வீங்கிய கால்கள் கண்முன் வந்தன. இருபது வருஷத்துக்கு முன்னால் போனவள் இனிமேலா வந்து கேட்கப்போகிறாள்? படிவத்தை நிரப்பினாள். அறைகள்: இரண்டு. வில்லங்கம்: இல்லை. குடியிருப்பவர்: யாருமில்லை, காலி. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அனுப்பிவிட்டாள்.

குனிந்து டேப்பை எடுத்தாள். அதன் நுனி பின்சுவரின் அடியில், விரல் நுழையும் அளவு இருந்த ஒரு விரிசலில் கிடந்தது.

டேப் சுருளவில்லை.

இழுத்தாள்.

அந்தப் பக்கத்திலிருந்து யாரோ இழுத்தார்கள்.

கையிலிருந்த பெட்டிக்குள்ளிருந்து தகடு உருவிக்கொண்டு போனது. அவசரமே இல்லாமல். இரண்டடி. ஐந்தடி. எட்டு.

ஒன்பதில் நின்றது.

எண்ணெய்ச் சிக்கு வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. தரையை ஒட்டி, விரிசலுக்கு அந்தப் பக்கம் வாயை வைத்துக்கொண்டு ஒரு குரல்.

"சரியா எழுது."

வீட்டுக்காரர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "சத்தம் நின்னு இருபது வருஷம் ஆச்சே..." என்று முணுமுணுத்தார்.

டேப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் கழித்துத்தான் போனைத் திறக்க முடிந்தது. அறைகள்: மூன்று. குடியிருப்பவர்: ஒருவர்.

'உங்கள் திருத்தம் நாளை பரிசீலிக்கப்படும்' என்றது திரை.

தங்கையைக் கூப்பிட்டாள். மூன்றாவது தடவைதான் எடுத்தாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அந்த வீடு வேண்டாம்டி. சொன்னா கேளு. அங்க போகாத."

"போக்கா, நான் உள்ளதான் நிக்கறேன். டிக்கைப் பார்த்ததும் மனசு கேக்கல, நடந்தே வந்துட்டேன். கதவு திறந்தே கிடந்துச்சு. வீட்டுக்காரரைத்தான் காணோம். ஆமா, நீ காலின்னு போட்டிருக்க, பின்னறையில ஒரு அக்கா இருக்காங்களே?"

"வெளிய வா... உடனே வெளிய வா..."

"ரொம்ப நல்ல மாதிரியா இருக்காங்க. நீ விட்டுட்டுப் போன டேப்பை வச்சு அளந்துகூட காட்டினாங்க. ஒன்பதடியாம். எங்க ரெண்டு பேருக்கும், தொட்டிலுக்கும் தாராளமா போதுமாம். இரு அக்கா, கதவைச் சாத்தறாங்க."

அந்தச் சுவரில் கதவே கிடையாது.

போனில், டேப் கிர்ரென்று சுருண்டு அடங்கும் சத்தம் கேட்டது.