நான் சொல்ற வரைக்கும் விடாத

இல்லங்க, பிரேக் கட்டை சைக்கிள் சக்கரத்துல உரசவே இல்ல! அதைத்தான் அவளும் முதல்ல குனிஞ்சு பார்த்தா. செயின்ல எண்ணெய் இருக்கு, டயர்ல காத்து இருக்கு, சீட்டையும் அவ உயரத்துக்கு இறக்கியாச்சு. ஆனா மிதிச்சா மூணு அடி போகுது, அப்புறம் பின்னாடி யாரோ இழுத்துப் பிடிச்ச மாதிரி டக்குனு நிக்குது.

சனிக்கிழமை மத்தியானம், அடுக்குமாடிக்குக் கீழ காருங்க நிறுத்துற இடம். வெளிய வெயில் மண்டையைப் பொளக்குது. உள்ள ஒரே ஒரு டியூப்லைட்டு முனகிக்கிட்டே இருக்கு. பழைய ஆயில் நாத்தம், ஈர சிமெண்ட் நாத்தம்.

அவளுக்கு முப்பத்தாறு வயசு. பல்செட் செய்யுற லேப்ல வேலை. திங்கக்கிழமையிலேர்ந்து காலைல ஆறு மணி ஷிஃப்ட்டு, அந்த நேரத்துக்கு பஸ்ஸே கிடையாது. "முடியலன்னா சொல்லிடும்மா, வேற ஆள் பார்த்துக்கறேன்"னு முதலாளி சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டார். பன்னெண்டு வயசுல விட்ட சைக்கிளை ரெண்டே நாள்ல பழகியாகணும்.

"காலை ஊணாம மிதி"ன்னான் புருஷன். லிஃப்ட் மெக்கானிக். கவுத்துப் போட்ட பெயிண்ட் டப்பா மேல உக்காந்து ஆரஞ்சு உரிச்சுக்கிட்டு இருந்தான்.

"மிதிக்கறேன்ல!"

"ஓவர்லோடு போல. லிஃப்டா இருந்தா இந்நேரம் பீப் அடிச்சிருக்கும்."

"வாயை மூடுங்க. முதல்ல பின்னாடி பிடிக்கறதை நிறுத்துங்க!"



"நான் எங்கடி பிடிச்சேன்?"

திரும்பினா. அவன் இருபது அடி தள்ளி, சுளையை வாய்கிட்ட வெச்சபடியே உக்காந்திருந்தான்.

மறுநாள் எங்கேயோ லிஃப்ட்ல ஆளு மாட்டிக்கிச்சுன்னு அவனைக் கூப்பிட்டுட்டாங்க. இவ தனியா இறங்கினா. பதினஞ்சு தடவை ஏறினா, பதினஞ்சு தடவையும் நின்னுச்சு. முட்டி சிராய்ச்சு எரியுது. கோவத்துல சைக்கிளை ஒரு உதை விட்டா, கால் விரல்தான் வீங்குச்சு. "சனியனே! நாளைக்கு என் பொழப்பு போயிடும்டா!"

பதினாறாவது தடவை ஏறினப்போதான் கேட்டுச்சு.

சளப். சளப். சளப்.

ரப்பர் செருப்பு. பின்னாடியே ஓடி வருது.

இவ நின்னா. செருப்பு ஒரு அடி கூடுதலா வெச்சுட்டு நின்னுச்சு.

அப்புறம் அந்த வாசனை. தலைவலித் தைலம்.

 அந்த வாசனை அக்காவோடது. ரெண்டு வயசு மூத்தவ, இடது பக்கம் தெத்துப்பல்லு தெரிய சிரிப்பா. சைக்கிள் கத்துக்கொடுத்தவளும் அவதான். கேரியரைப் பிடிச்சுக்கிட்டே ஓடி வந்தவ, "பாரு, நீயே ஓட்டுற!"ன்னு திடீர்னு கையை எடுத்துட்டா. இவ விழுந்து மணிக்கட்டு உடைஞ்சுது. "ஏன் விட்ட? இனிமே நான் சொல்ற வரைக்கும் விடாத. சத்தியம் பண்ணு!"ன்னு கத்தினா. அக்கா சத்தியம் பண்ணா. ஆறு மாசத்துல, நெத்தி முழுக்கத் தைலத்தோட, காய்ச்சல்ல போய்ச் சேர்ந்துட்டா.

இவ அதுக்கப்புறம் சைக்கிளைத் தொடவே இல்ல. விடுன்னு சொல்லவும் இல்ல.

"அக்கா...?"

கேரியர் கிரீச்சுனு முனகுச்சு.

"பிடிச்சிருக்கேன்."

அழுகையும் ஆத்திரமும் ஒண்ணா வந்துச்சு. "வேலை போயிடும்க்கா. போதும். விடு!"

விட்டுடுச்சு! அம்பு மாதிரி பறந்துச்சு சைக்கிள். தூணுங்களைச் சுத்திச் சுத்தி ஆறு ரவுண்டு. அழுதுக்கிட்டே சிரிச்சா.

திங்கக்கிழமை, லேசா விடியுற நேரம். வீட்டுலேர்ந்து மெயின்ரோட்டுக்குப் போற இறக்கம். பிரேக்கை அமுக்கினா.

பிடிமானமே இல்ல.

பிரேக் பிடி தொளதொளன்னு போகுது. எதிர்ல சிமெண்ட் லாரி திரும்புது. யோசிக்க நேரமே இல்ல, தொண்டை தானா கத்துச்சு.

"அக்கா, பிடி!"

நின்னுச்சு. லாரி ஒரு முழம் தள்ளிச் சீறிக்கிட்டுப் போச்சு.

மீதி தூரம் சைக்கிளைத் தள்ளிக்கிட்டே ஓடி, ரெண்டு நிமிஷம் முன்னாடியே லேப்ல நுழைஞ்சா. வேலை தப்பிச்சுது. எட்டு மணிக்கு டீ இடைவேளையில வெளிய வந்து பிரேக் ஒயரைப் பார்த்தா. அறுந்து தொங்குது. மேல இருக்கிற கறுப்பு ரப்பர்ல சின்னச் சின்னப் பள்ளம், வரிசையா.

தினமும் நூறு பேரோட பல்லு அச்சைக் கையில பிடிக்கிறவ. பார்த்த உடனே தெரிஞ்சுது. கடிச்சது. சின்ன வாய்.

இடது பக்கம் ஒரு பல்லு மட்டும் தனியா, வெளிய தள்ளிப் பதிஞ்சிருக்கு.

கையில டீ ஆறிடுச்சு. பின்னாடி சளப்புனு ஒரு சத்தம். தைல வாசனை. சட்டையைக் கொத்தாப் பிடிச்ச மாதிரி முதுகுல ஒரு இறுக்கம்.

காதுகிட்ட, ரொம்ப ஆசையா:

"இப்போ சொல்லு. விடவா?"

சாயங்காலம் அதே சைக்கிள்லதான் வீட்டுக்குப் போகணும். அவ இன்னும் பதில் சொல்லல. நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க, சீக்கிரம் சொல்லுங்க?