மேல்பலகையில் ஈரம்

ஞாயிற்றுக்கிழமை காலை நீராவிக் குளியலுக்கான சவுனா அறையைத் தேய்த்துக் கழுவப் போன ராக்கேல், உட்காரும் மேல்பலகையைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டாள். ஒரு ஆள் உட்கார்ந்து எழுந்த அளவுக்கு ஈரம். சனிக்கிழமை மாலை குளித்து முடித்ததும் கதவையும் காற்றுத்துளையையும் திறந்துவைத்தால், மிச்சத் தணலின் சூட்டில் விடிவதற்குள் எல்லாம் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். மற்ற பலகைகள் அப்படித்தான் காய்ந்து கிடந்தன. ஈரத்தின் நடுவே, குளிக்கும்போது உடம்பில் அடித்துக்கொள்ளும் கொத்திலிருந்து உதிர்ந்த ஒரு பிர்ச் இலையும், அதில் ஒட்டிய நீளமான முடியும். ராக்கேலுக்குக் கழுத்தோடு வெட்டிய நரைமுடி. அவள் கணவன் வெய்யோவுக்கு முழு வழுக்கை.

ஏரியின் எதிர்க்கரையில் இருக்கும் சில்யாவின் நீளப் பின்னல் நினைவுக்கு வந்தது. வந்ததோடு நிற்கவா செய்யும்? ஏரி உறைந்து மூன்று வாரம் ஆகிறது. யாரும் நடந்தே வந்து போகலாம்.

இந்த அறையைக் கட்டியவன் வெய்யோதான். ஏரிக்கரையில் இருந்த பழைய சவுனாவில் அவனுடைய முதல் மனைவி ஹெல்வி இறந்துபோனாள். தணல் அணைவதற்கு முன்பே, சூடு வீணாகிறதே என்று புகைக்கூண்டை மூடும் தகட்டை அவளே அடைத்துவிட்டாள், விஷப்புகை கொன்றுவிட்டது என்றார்கள். அந்த ஊரில் அவசரக்காரர்கள் செய்கிற தப்புதான் அது. நாலு வருஷம் கழித்து, போன இலையுதிர் காலத்தில் வெய்யோ அதைப் பிரித்து, பலகை, அடுப்பு, கல் எல்லாவற்றையும் கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் இதைக் கட்டினான். நல்ல மரத்தை எதற்கு வீணாக்க வேண்டும் என்று ராக்கேலும் அப்போது சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கே வெளியே கும்மிருட்டு. இரண்டு சுற்று வியர்க்கக் குளித்துவிட்டு இருவரும் உடைமாற்றும் அறையில் உட்கார்ந்தார்கள். மூன்றாவது சுற்று சவுனாவின் காவல் பூதத்துக்கு. ராக்கேலின் அம்மா வீட்டிலும் அதற்கென்று ஒரு வாளித் தண்ணீரும் கொஞ்சம் சூடும் விட்டுவைப்பார்கள். ஆனால் அதற்காக ஒரு நிமிஷத்துக்கு மேல் யாரும் நின்றதில்லை.

"நீ போய் காப்பி போடு. நான் பூதத்துக்குத் தண்ணி வச்சிட்டு வரேன்," என்றான் வெய்யோ.

"அதுக்கு அரை மணி நேரமா?"

"வயசான பூதம். மெதுவாத்தான் குளிக்கும்."

கிண்டல்தான். ஆனால் அவன் முகத்தில் சிரிப்பில்லை.

பூசி மெழுகுகிறான் என்று நினைத்தாள் ராக்கேல். இன்றைக்கு இரண்டு பேரையும் கையும் களவுமாகப் பிடித்தே தீருவது. மேலங்கியைச் சுற்றிக்கொண்டு வெளியே போய் விறகு அடுக்குக்குப் பின்னால் நின்றாள். பனியின் குளிர் காலணிக்குள் ஏறியது. வெய்யோ வாளியோடு கிணற்றுப் பக்கம் திரும்பியதும், ஓடிப்போய் சவுனாவுக்குள் நுழைந்து கீழ்ப்பலகையின் மூலையில் ஒடுங்கிக்கொண்டாள்.

சூடான கல்லின் வாசனை, நனைந்த பிர்ச் இலையின் வாசனை, அவற்றுக்கு அடியில் மெல்லியதாய், பழைய சவுனாவின் கரிப்புகை நாற்றம். கதவு ஒரு சாண் திறந்தது. வாளியை உள்ளே வைத்த வெய்யோ தலையைத் திருப்பிக் கண்களை இறுக மூடியிருந்தான். கதவு சாத்திக்கொண்டது. அவன் போகும் காலடி கேட்கவில்லை.

அடுத்ததாக, சுவருக்கு அந்தப் பக்கம் இரும்பு உரசியது. அடுப்புக்கு விறகு வைப்பதும், புகைக்கூண்டுத் தகட்டை இழுப்பதும் அந்தப் பக்கம், உடைமாற்றும் அறையிலிருந்துதான்.

தகட்டை அடைக்கிறான். தணல் இன்னும் சிவப்பாக இருக்கிறது.

அப்போது மேல்பலகை முனகியது. யாரோ உட்காருகிற முனகல். வாளியில் கரண்டி இடித்தது. தண்ணீர் பட்டு அடுப்புக் கல் சீறியது.

ராக்கேலின் தோளில் ஒரு சொட்டு விழுந்தது. அத்தனை வெக்கையிலும் அது ஜில்லென்று இருந்தது.

கதவுக்குப் பாய்ந்தாள். தாழ்ப்பாள் கிடையாது. எந்த சவுனாவுக்கும் வைக்க மாட்டார்கள், உள்ளிருந்து தள்ளினாலே திறந்துகொள்ளும். தள்ளினாள். அசையவில்லை. கதவின் சின்னக் கண்ணாடியில் வெய்யோவின் வழுக்கைத் தலை தெரிந்தது. முதுகைக் கொடுத்துக் கதவை அடைத்துக்கொண்டு நின்றான்.

"வெய்யோ! நான்தான், ராக்கேல். கதவத் திற!"

அவன் திரும்பவில்லை. அலுத்துப்போன குரலில் சொன்னான்: "போன வாரமும் ராக்கேல் பேரத்தான் சொன்ன, ஹெல்வி. கொஞ்ச நேரம் பொறுத்துக்கோ. அன்னிக்கும் நான் கொஞ்ச நேரம்தானே கதவப் பிடிச்சிட்டு நின்னேன்."

தலை கனத்தது. கத்தினாள்.

இரண்டு கைகளாலும் கண்ணாடியைத் தட்டினாள்.

அவள் கைகளுக்குப் பக்கத்தில், இலையும் நீள முடியும் ஒட்டிய இன்னும் இரண்டு ஈரக் கைகள் அதே கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தன.